டயல் டிசியில் இருந்தது

ஊரப்பாக்கத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் ஜெனரேட்டர் அறையில் நின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது. ஜரீனா அக்காவின் தம்பி அன்வர். நான்கு வருடங்களாக அந்த எண்ணிலிருந்து எனக்கு ஒரு அழைப்பும் வந்ததில்லை. "அக்கா மவுத்தாயிட்டாங்க. காலையில நெஞ்சு வலிக்குதுன்னாங்க, ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. அஸர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். உங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் சொல்லிடுங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. கொஞ்சம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஆபீஸ் வாட்ஸப் குழுவில் நான்தான் செய்தியைப் போட்டேன். பத்தே நிமிடத்தில் கைகூப்பும் படங்கள் வரிசை கட்டி நின்றன. எங்கள் மேலாளர் மட்டும் நீளமாக எழுதியிருந்தார். பாதுகாப்புக்கு அவர் ஓர் எடுத்துக்காட்டாம், நிறுவனத்தின் தூணாம். அந்தத் தூணை வெளியே அனுப்பிய கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர் இவர்தான். மனுஷன் கொஞ்சம்கூடக் கூசவில்லை. அதைப் படித்து எனக்கு வந்த கோபத்தில் பாதி என் மீதே இருந்தது, ஏனென்றால் அந்தக் கடிதத்துக்குக் காரணம் என் வாய்.

நம் டெக்னீஷியன்கள் சங்க இதழைக் கவனிக்கிற நண்பர் இரண்டு பக்கம் எழுதிக் கேட்டார். ஜரீனா அக்காவோடு அதிக வருடம் வேலை செய்தவன் நான் என்பதால் என்னிடம் வந்தார். பாவம், என்ன கேட்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. உங்களில் பலருக்கும் அக்காவைத் தெரியும். மேடவாக்கம் பம்ப் அறை விபத்தில் ஒருவரின் விரல்கள் போனதற்கு அவருடைய மீட்டர்தான் காரணம் என்றும் உங்களுக்குத் தெரியும். அது பொய். அந்தப் பொய்யை எடுத்துப் போடத்தான் இதை எழுதுகிறேன், அவரைப் புகழ்வதற்காக இல்லை. புகழ்கிற வேலையை மேலாளர் பார்த்துக்கொண்டுவிட்டார்.

அஸ்தினாபுரத்தில் யூபிஎஸ், இன்வெர்ட்டர், பம்ப் பேனல் சர்வீஸ் செய்கிற எங்கள் கம்பெனியில் நானும் அக்காவும் ஒரே மாதத்தில் சேர்ந்தோம். அவர் என்னைவிட நான்கு வயது பெரியவர், டிப்ளமோ படித்தவர். தாம்பரத்திலிருந்து பஸ்ஸில் வருவார். தோளில் ஒரு பை, பைக்குள் சோற்று டப்பாவுக்குப் பக்கத்தில் மீட்டர். அவரை மீட்டர் அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தது நாங்கள்தான்.

அந்தப் பெயருக்குக் காரணம் அவருடைய ஒரு பழக்கம். வயரில் கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னால் நாங்கள் எல்லோரும் மீட்டரை நேராக வயரில் வைப்போம். அவர் முதலில் ஒரு சாக்கெட்டைத் தேடிப் போவார், கரண்ட் நிச்சயம் இருக்கிறது என்று தெரிந்த சாக்கெட். அதில் வைத்து இருநூற்று முப்பது காட்டுகிறதா என்று பார்ப்பார். பிறகு வயருக்கு வருவார். வயரில் சைபர் காட்டினாலும் விடமாட்டார், திரும்பப் போய் அதே சாக்கெட்டில் இன்னொரு முறை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கையை வைப்பார். சாக்கெட்டுக்கு சலாம் போடாமல் இந்த அம்மா வேலையை ஆரம்பிக்காது என்று கேலி செய்வோம். ஒருநாள் நான் முகத்துக்கு நேராகவே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "கரண்ட் இருக்குன்னு மீட்டர் சொன்னா நம்பலாம் சேகர். இல்லைன்னு சொன்னா, மீட்டரே செத்துப்போய்க்கூட அப்படிக் காட்டும்" என்றார். இதைச் சிரித்துக்கொண்டே கேட்டேன், சிரித்துக்கொண்டே மறந்தேன்.

இன்வெர்ட்டர் விவகாரம் சங்கத்தில் சிலருக்கு நினைவிருக்கலாம். தெருவிலிருந்து வீட்டுக்கு வருகிற மின்சாரம் அலை மாதிரி ஏறி இறங்கும். மலிவான இன்வெர்ட்டரிலிருந்து வருவது படிக்கட்டு மாதிரி வெட்டி வெட்டி வரும். கம்பெனி எங்களுக்குக் கொடுத்திருந்த மீட்டர்கள் முதல் வகையை மட்டும்தான் சரியாக அளக்கும், இரண்டாவதைக் குறைத்துக் காட்டும். நாங்கள் என்ன செய்தோம்? மீட்டரில் நூற்று எண்பது காட்டினால் உடனே இன்வெர்ட்டரைத் திறந்து உள்ளே இருக்கும் திருகைத் திருப்பி இருநூற்று முப்பதுக்குக் கொண்டுவந்துவிட்டு, வேலை முடிந்தது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினோம். உண்மையில் அந்த வீட்டுக்குள் முன்னூறுக்குப் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தது. ஃபேன் ரெகுலேட்டர் கருகியது, டிவி போனது. வீட்டு வயரிங் சரியில்லை என்று நாங்கள் பெரிய மனிதர்கள் மாதிரி சொல்லிவிட்டு வந்தோம்.

அக்காதான் சந்தேகப்பட்டார். எந்த வடிவத்தில் வந்தாலும் உண்மையான அளவைக் காட்டுகிற ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டர் ஒன்றை யாரிடமோ இரவல் வாங்கி வந்து, ஒரே இன்வெர்ட்டரில் இரண்டு மீட்டரையும் வைத்துக் காட்டினார். மேலாளர் இரண்டு எண்களையும் பார்த்தார். வெளியே யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றார். அக்கா சொன்னார். நாங்கள் திருகைத் திருப்பிய வீடுகளின் பட்டியலை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வீடாகப் போய்ச் சரிசெய்துவிட்டு, தப்பு எங்களுடையதுதான் என்றும் சொல்லிவிட்டு வந்தார். கம்பெனி எல்லோருக்கும் நல்ல மீட்டர் வாங்கித் தரும் என்று காத்திருந்து பார்த்துவிட்டுத் தனக்குச் சொந்தமாக ஒன்று வாங்கிக்கொண்டார். அன்று முதல் மேலாளருக்கு அவரைக் கண்டால் ஆகாது.

வெளியிலும் ஒன்றும் பூப்போட்டு வரவேற்கவில்லை. மேடவாக்கத்தில் ஒரு ஐடிக்காரர் ஆன்லைனில் மீட்டர் வாங்கி, அணைத்து வைத்த வயரில் தொண்ணூறு வோல்ட் வருகிறது, வீடு முழுக்கக் கசிவு என்று குடியிருப்பையே கலக்கிவிட்டார். அக்கா போய் அந்த வயரில் ஒரு குண்டு பல்பை மாட்டினார். பல்பு எரியவில்லை, மீட்டரில் தொண்ணூறும் காணாமல் போனது. பக்கத்தில் ஓடும் வயரிலிருந்து சும்மா ஒட்டிக்கொண்டு வருகிற அளவு அது, ஒரு பல்பைக்கூட எரிக்க முடியாதது என்று பொறுமையாக விளக்கினார். அந்த மனிதர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஜென்ட்ஸ் டெக்னீஷியன் யாராவது வந்து ஒருமுறை உறுதிப்படுத்த முடியுமா என்று கேட்டார். நான் போனேன். அதே பல்பை மாட்டி அதையே சொன்னேன், உடனே ஒப்புக்கொண்டார். திரும்பி வந்து இதை அக்காவிடம் சொன்னபோது நான் சிரித்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

இனி அந்த நாள். அதே மேடவாக்கத்தில் வேறொரு குடியிருப்பு. மழை விட்டு நாலைந்து நாள் இருக்கும், கீழ்த்தள பம்ப் அறையில் தரை இன்னும் ஈரமாக இருந்தது. இரண்டு பம்புகளில் ஒன்று ஓடவில்லை. வெளியே தண்ணீர் லாரி நின்றுகொண்டிருந்தது, மேலே தண்ணீர் ஏறவில்லை, குடியிருப்புச் சங்கச் செயலாளர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்கள் கம்பெனி விதிப்படி, பேனலைத் தொடுவதற்கு முன் கரண்ட் இல்லை என்று அளந்து பார்க்கிறவர்தான் வேலைச் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அன்று சீட்டு எங்கள் சர்வீஸ் இன்சார்ஜான அக்காவின் பெயரில் இருந்தது. செயலாளரின் தொல்லை தாங்காமல் அவர் அளக்கும் முன்பே கையெழுத்துப் போட்டுச் சீட்டை என்னிடம் கொடுத்தார். "மூணு தடவை பார்த்துடு, சாக்கெட், வயர், சாக்கெட்" என்று சொல்லிவிட்டுச் செயலாளரைச் சமாளிக்க மேலே போனார். அவர் செய்த தவறு அந்தக் கையெழுத்து ஒன்றுதான்.

அவருடைய மீட்டர் அப்போது என் கையில் இருந்தது. சற்று முன்பு மேல்தளத்தில் யூபிஎஸ் பேட்டரிகளைப் பார்க்க அதை வாங்கியிருந்தேன். பேட்டரியில் இருப்பது டிசி, பம்புக்கு வருவது ஏசி. மீட்டரின் டயலை டிசியில் வைத்துக்கொண்டு ஏசி ஓடுகிற வயரில் வைத்தால் எத்தனை நல்ல மீட்டரும் ஏறக்குறைய சைபர்தான் காட்டும். இது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் ஒருமுறையாவது செய்திருப்பார்கள், வெளியே சொல்லமாட்டார்கள். நான் பேட்டரி பார்த்துவிட்டு டயலைத் திருப்பவில்லை. பேனலில் ஸ்விட்சுகளின் மேல் எழுதியிருந்த எண்கள் ஈரத்தில் அழிந்துபோயிருந்தன, நான் இறக்கியது அடுத்த பம்பின் ஸ்விட்ச். சாக்கெட் அறையின் மறுகோடியில், தேங்கிய தண்ணீருக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஷூ நனையும் என்று போகவில்லை. மீட்டரை வயரில் வைத்தேன், சைபர் காட்டியது.

அந்தக் குடியிருப்பின் பம்ப் ஆபரேட்டர் முனுசாமி கையில் ஸ்பேனரோடு தயாராக நின்றார். கரண்ட் இல்லை, கழற்றுங்கள் என்றேன். அவர் கையை வைத்தார்.

உயிர் பிழைத்தார். வலது கையில் இரண்டு விரல்கள் போயின. சத்தம் கேட்டு அக்கா ஓடிவந்து, முதலில் மெயினை இறக்கி, முனுசாமியைப் படுக்கவைத்து, ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். நான் சுவரோரம் நின்றிருந்தேன். ஆம்புலன்ஸ் போனபின் அவர் தரையில் கிடந்த மீட்டரை எடுத்தார், டயலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு டயலை ஆஃபில் திருப்பிப் பைக்குள் வைத்தார். இத்தனை வருடத்தில் அவர் மீட்டரை ஆஃப் செய்யாமல் பைக்குள் வைத்து நான் பார்த்ததில்லை. பதற்றத்தில் கை அதன் பழக்கப்படி செய்துவிட்டது. என் தவறுக்கு உலகத்தில் இருந்த ஒரே தடயத்தை அவரே அழித்துவிட்டார் என்பது அப்போது அவருக்கு உறைக்கவில்லை. எனக்கு உறைத்தது. அந்த நிமிடமே உறைத்தது.

அன்று மாலை பஸ் நிறுத்தத்தில் அவர் என்னிடம் பேசினார். விசாரணை வரும், நீயாகச் சொல்லிவிடு என்றார். தான் சொன்னால் கோள் சொன்ன மாதிரி இருக்கும் என்றார். தெரியாமல் நடந்ததை ஒப்புக்கொண்டால் யாரும் தூக்கில் போடமாட்டார்கள், தானும் அளக்காமல் கையெழுத்துப் போட்டதைச் சொல்லிவிடப் போவதாகவும் சொன்னார். நான் தலையாட்டினேன்.

மூன்றாம் நாள் மேலாளர் அறையில் விசாரணை. அக்கா சொன்னபடி தன் கையெழுத்தை ஒப்புக்கொண்டார். மீட்டர் ஏன் சைபர் காட்டியது என்று மேலாளர் கேட்டார். அக்கா என்னைப் பார்த்தார். நான் பேசுவதற்காகக் காத்திருந்தார், நிறைய நேரம் காத்திருந்தார். நான் பேசினேன். "டயல் ஏசியிலதான் சார் இருந்துச்சு. மீட்டர்தான் சீரோ காட்டிச்சு."

அந்த இரண்டு வாக்கியங்களை இந்தப் பக்கத்தில் எழுத எனக்கு நான்கு வருடம் ஆகியிருக்கிறது. அப்போது என் மகள் பிறந்து நாற்பது நாள். அதையெல்லாம் காரணமாகச் சொல்லப் போவதில்லை. பயந்தேன், வேறொன்றும் இல்லை.

டயல் டிசியில் இருந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகவும், தானே ஆஃப் செய்ததாகவும் அக்கா சொன்னார். அங்கேயே மீட்டரை எடுத்து, மேலாளரின் மேஜைக்குப் பக்கத்தில் இருந்த சாக்கெட்டில் வைத்து, சரியாக அளப்பதைக் காட்டினார். இப்போது வேலை செய்கிறது, அன்றைக்குச் செய்ததா என்று யாருக்குத் தெரியும் என்றார் மேலாளர். அவருக்கு என் பொய் தேவையாக இருந்தது. கம்பெனி கொடுக்காத மீட்டர், அளக்காமல் போட்ட கையெழுத்து, கம்பெனியின் மேல் ஒரு குற்றமும் இல்லை. சொந்த மீட்டர் வைத்துக்கொண்டு கம்பெனி மீட்டரைக் குறை சொன்னவரின் மீட்டரே ஆளைக் கவிழ்த்துவிட்டது என்று எழுதுவதில் அவருக்கு ஒரு சந்தோஷமும் இருந்தது. அந்த வாரமே அக்காவை ராஜினாமா செய்யச் சொல்லிக் கடிதம் கொடுத்தார்கள்.

அதன் பிறகு அக்கா மேற்குத் தாம்பரத்தில் ஒரு சின்னக் கடையில் மிக்ஸியும் ஃபேனும் ரிப்பேர் செய்தார். ஒருமுறை போனேன். அழுதேன் என்றும் சொல்ல வேண்டும். அவர் மிக்ஸி மோட்டாரைக் கழற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "இங்க வந்து சொல்லி என்ன பண்றது சேகர்? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்ட போய்ச் சொல்லு" என்றார். சொல்கிறேன் என்றேன். எப்போது என்று கேட்டார். அடுத்த மாசம் என்றேன். அவர் மோட்டாரைத் துடைக்க ஆரம்பித்தார். அதன் பிறகு நான் அந்தத் தெருப்பக்கமே போகவில்லை.

அடக்கத்தன்று பள்ளிவாசல் வாசலில் முனுசாமியைப் பார்த்தேன். அவர் வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வலது கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு தனியாக நின்றிருந்தார். அவரே பக்கத்தில் வந்து, "எனுக்கு அந்தம்மா மேல கோவம்லாம் இல்ல சார். மிஷினு தப்பு காட்டினா அவங்க இன்னா பண்ணுவாங்க. மன்னிச்சுட்டேன், அத்த சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்" என்றார். அக்காவை அப்போது தோளில் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். செய்யாத குற்றத்துக்கு அவருக்கு மன்னிப்பு கிடைத்ததை நான் பக்கத்தில் நின்று கேட்டேன், அப்போதும் வாயைத் திறக்கவில்லை. என்னை நானே செருப்பால் அடித்துக்கொண்டாலும் தகும்.

பத்து நாள் கழித்து முனுசாமியின் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் நெடுநேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இத அந்தம்மா எங்கிட்ட சொல்லிச்சு சார். ஆஸ்பத்திரில இருந்து வந்த புதுசுல வூட்டுக்கு வந்து சொல்லிச்சு. நான் நம்பல. தன் தப்ப மறைக்க உன் பேர இழுக்குதுன்னு வாசல்லயே நிக்க வச்சு அசிங்கமா பேசி அனுப்பிட்டேன். இப்போ நான் யாராண்ட போயி சொல்றது?" என்றார். காபி கொண்டுவந்த அவர் மனைவி அதை என் முன்னால் வைக்காமல் திரும்ப உள்ளே எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் நடந்ததை எல்லாம் எழுதி மேலாளரிடம் கொடுத்தேன், விசாரணை அறிக்கையைத் திருத்தச் சொல்லிக் கேட்டேன். அவர் முழுதும் படித்தார். போனவருக்கு இனிமேல் என்ன ஆகப்போகிறது, கம்பெனி பேர்தான் கெடும் என்று காகிதத்தை மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். உங்களை மாதிரி மனசாட்சி உள்ள ஆள்தான் அந்த இடத்துக்கு வேண்டும், போய் வேலையைப் பாருங்கள் என்றும் சொன்னார். ஆகவே அறிக்கை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. திருத்தம் இந்த இதழில் மட்டும்தான். படிக்கிறவர்கள் மற்றவர்களுக்கும் சொல்லுங்கள்: ஜரீனாவின் மீட்டர் நன்றாகத்தான் இருந்தது, டயல் டிசியில் இருந்தது, அதை அங்கே வைத்தவன் நான்.

மறைந்தவரிடமிருந்து நமக்குக் கிடைத்தது என்ன என்று கடைசியில் எழுதுவது வழக்கம். உங்களுக்கு அவர் சொன்ன வார்த்தைகள் இருக்கும், கற்றுக்கொடுத்த கவனம் இருக்கும், அவையெல்லாம் அவர் கொடுத்தவை. என்னிடம் இருப்பது சர்வீஸ் இன்சார்ஜ் வேலை. அவர் ராஜினாமா செய்துவிட்டுப் போன மறுமாதம் அதை எனக்குக் கொடுத்தார்கள். அதற்கு முன் பதினோரு வருடம் அந்த வேலையைப் பார்த்தவர் அவர். இதை நான் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.